உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை

போன மாதம் வேலைத்தலத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்டி, படம் எடுத்து முடிந்த பிறகு, இளம் பிள்ளைகள் தங்கள் புதிய கருவியைக் கொண்டுவந்தார்கள். பெரிய கண்ணாடி மாதிரி ஒன்று. அதைத் தலையில் மாட்டினால் இன்னும் கட்டி முடிக்காத அறைக்குள் நடக்கலாம், சுவரின் நிறத்தை மாற்றலாம், யன்னலுக்கு வெளியே கடலைக்கூட வைக்கலாம். நானும் மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அங்கே தெரிந்த ஒரு கதிரையில் உட்காரப் போய் நிலத்தில் விழப் பார்த்தேன். பிள்ளைகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள்: இத்தனை வருடத்தில் நீங்கள் வேலை செய்த அறைகளில் எது மிகவும் நல்லது? கடற்கரை மாளிகை ஒன்றையோ பெரிய ஹோட்டல் ஒன்றையோ சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. வேலைக்காரப் பெண்ணின் அறை ஒன்று என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கையில் இருந்த வைன் பேசுகிறது என்று நினைத்திருப்பார்கள். அது வைன் பேசியது இல்லை என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு வந்தவள் நான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து அலுவலகங்களில் மணித்தியாலக் கணக்கில் துப்புரவு வேலை. அப்படிப் போன இடங்களில் ஒன்றுதான் சிஞ்ஞோரா லீதியாவின் வேலைத்தலம். நாங்கள் அம்மா என்கிற மாதிரி இங்கே மரியாதைக்குச் சிஞ்ஞோரா என்பார்கள். வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் கட்டடக் கலைஞர் அவர். ஒருநாள் அவருக்குத் திரைச்சீலை தைப்பவர் சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டார். தும்புத்தடியோடு நின்ற என்னைப் பார்த்து, “ராணி, உனக்குத் தைக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். சட்டை தைக்கத் தெரியும். திரைச்சீலை என்று அவர் சொல்லவில்லையே. அதன் பிறகு ஒரு மெத்தைக்காரரிடம் அனுப்பிப் பழக்கினார், ஏணியில் ஏறிச் சுவரில் துளை போடப் பழக்கினார், மரத்தையும் துணியையும் தொட்டுப் பார்க்கப் பழக்கினார். அந்த வருடங்களை நீட்டிச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

ஆனால் அந்த மனுசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆள் கட்டை. கைப்பை மட்டும் பெரிது. அதற்குள் உதட்டுச்சாயத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெட்டி வெண்கட்டி இருக்கும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குச் சத்தம் கூடும். அவருக்குக் குறையும். தச்சரும் மின்சாரக்காரரும் வெடிச்சிரிப்போடு வேலை செய்துகொண்டிருப்பார்கள். சிஞ்ஞோராவின் குரல் திடீரென்று மெல்லியதாகிவிட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். எனக்கு அவரிடம் பயமும் இருந்தது, பயத்தைவிடக் கூடிய பிரியமும் இருந்தது.

ஒரு வெறும் அறை கையில் வந்தால் அவர் முதலில் வரைபடம் கீறுவதில்லை. தரையில் உட்கார்ந்துவிடுவார். “அறையை நின்றுகொண்டு பார்க்காதே. வீட்டில் யாரும் அறையின் நடுவில் நின்றுகொண்டு இருப்பதில்லை” என்பார். மூலைக்கு மூலை மாறி உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது, தெருச் சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்ப்பார். பிறகு வெண்கட்டியை எடுத்து, கட்டில், மேசை, அலுமாரி எல்லாவற்றையும் உண்மையான அளவிலேயே தரையில் கீறுவார். கதவு திறக்கும் வளைவைக்கூடக் கீறுவார். அதன் பிறகுதான் வேடிக்கை. எங்களையெல்லாம் கூப்பிட்டு அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து காட்டச் சொல்வார். கையில் கோப்பித் தட்டோடு நட, இல்லாத அலுமாரியைத் திற, இல்லாத கட்டிலை விரி. கோட்டை மிதித்தால் “மேசையில் இடித்துவிட்டாய்” என்பார். அப்படி மிதித்த இடத்தில் அடுத்த நாள் மேசை இருக்காது.

விளக்குப் பூட்டிய பிறகு அவரே கட்டிலில் படுத்துப் பார்ப்பார். படுத்திருப்பவரின் கண்ணில் மின்குமிழின் வெளிச்சம் குத்தக்கூடாது என்பது அவருடைய சட்டம். துணி வெட்டுவதற்கு முதல், முழுத் துணியையும் சில நாட்கள் யன்னலில் சும்மா தொங்கவிடச் சொல்வார். காலையில் பொன்னிறமாகத் தெரிந்த துணி பின்னேரத்தில் வயிற்றோட்டக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும் என்று அப்படித்தான் நான் அறிந்தேன். ஒவ்வொரு அறையைப் பற்றியும் வீட்டுக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இந்த அறைக்குள் களைத்துப்போய் வருவது யார்?”

இனி, நான் சொன்ன அந்த அறை இருந்த கண்காட்சி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நெடுங்காலம் பூட்டிக்கிடந்த ஒரு பழைய மாளிகை. அதன் சொந்தக்காரர்கள் ஒரு நல்ல காரியத்துக்காக அதை வசந்தகாலத்தில் திறந்துவிடச் சம்மதித்தார்கள். நகரத்தின் உள்ளலங்காரக்காரர்கள் ஆளுக்கொரு அறையைத் தங்கள் செலவில் அலங்கரிக்க வேண்டும். மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்க வருவார்கள். அந்தக் காசில், வைத்தியசாலையில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மாருக்குத் தங்குவதற்கு ஒரு வீடு எடுப்பார்கள். பெரிய குடும்பத்துப் பெண்கள் சேர்ந்த குழு ஒன்று இதை நடத்தியது. தலைவி சிஞ்ஞோரா ஒர்தென்ஸியா. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாய்மாருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய மனுசி அவர்.

மற்ற அறைகளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பெருமூச்சு வரும். நடன மண்டபத்தைச் செய்தவர், உடைந்த முகட்டைத் திருத்தாமல் விட்டு, கீழே நீளமாகக் கண்ணாடி மேசை போட்டிருந்தார். குனிந்து பார்த்தால் முகட்டுச் சித்திரத்தின் தேவதைகள் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு இடையில் பறந்தார்கள். ஒருவர் வாசிகசாலையைக் கத்தரிக்காய் நிறத்தில் பூசினார். பைத்தியமா என்று எல்லோரும் கேட்டார்கள். புத்தகங்களை அடுக்கி விளக்கைப் போட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். மேல்மாடித் தளத்துக்குச் நகரத்து ஓரத்துச் சியாகுல்லித் தோட்டத்திலிருந்து மந்தரீன் தோடம்பழ மரங்களைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அங்கே பழம் பிந்தித்தான் பழுக்கும் என்பதால் பூவும் பழமும் ஒன்றாக நின்றன. ஏதோ பணக்கார விளையாட்டு என்று நினைத்துத்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். ஆனால் கைவேலையைக் கண்டால் என் வாய் தானாகப் பிளந்துவிடும்.

எங்கள் சிஞ்ஞோராவைக் குழு கடைசியாகத்தான் கூப்பிட்டது. அவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை, வாயும் கொஞ்சம் நீளம். எல்லா அறையும் போய்விட்டது. மிஞ்சியிருந்தது சமையலறைக்குப் பின்னால், பின்படிக்குப் பக்கத்தில், வேலைக்காரி படுக்கும் அறை. பெட்டி மாதிரி ஒரு அறை. யன்னல் இருந்தது, ஆனால் தலைக்கு மேலே. வேலைக்காரி வெளியே பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும். அதைப் பூ அடுக்கும் அறையாகவோ லவண்டர் மணக்கும் இஸ்திரி அறையாகவோ செய்துவிடுங்கள் என்று குழு ஆலோசனை சொன்னது.

சிஞ்ஞோரா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் இருந்தார். பிறகு, “இது யாருடைய அறையாக இருந்ததோ அவளுக்கே இதைச் செய்யப்போகிறேன். ராணி, நீ வீட்டோடு தங்கி வேலை செய்திருக்கிறாயா?” என்றார். இல்லை, நான் மணித்தியால வேலைதான், ஆனால் ஒருத்தியைத் தெரியும் என்றேன்.

அவள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. எங்கள் மாதா கோவிலுக்கு வருபவள். மகனைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு வீட்டில் வருடக்கணக்காகத் தங்கி வேலை. தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. ஒரு வியாழன் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில்தான் எனக்கே நினைவு வந்தது, அவள் வேலை செய்வது தலைவி ஒர்தென்ஸியாவின் வீட்டில்.

“உன்னுடைய அறையில் என்ன வேண்டும்?” என்று சிஞ்ஞோரா லீதியா கேட்டார். ஜெசிந்தாவுக்கு வீட்டு வேலைக்கு வேண்டிய இத்தாலியன்தான் தெரியும், அதனால் நான் தமிழில் சொன்னேன். ஜெசிந்தா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒண்டும் வேண்டாமக்கா. எல்லாம் இருக்கு எண்டு சொல்லுங்கோ. அவை நல்ல ஆக்கள்.”

சிஞ்ஞோரா வற்புறுத்தவில்லை. வெண்கட்டியை எடுத்துக் கட்டில், அலுமாரி, கதவு எல்லாம் தரையில் கீறினார். “வேலை முடிந்து அறைக்கு வருகிறாய். வந்தால் என்ன செய்வாயோ அதைச் செய்” என்றார்.

“எனக்கு நடிக்கத் தெரியாதக்கா” என்று ஜெசிந்தா வெட்கத்தில் சிரித்தாள்.

“நடிக்க வேண்டாமடி. சும்மா உள்ளை போ” என்றேன் நான்.

செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்தாள். உள்ளே போனாள். இல்லாத கதவைச் சாத்தினாள். பிறகு சற்றும் யோசிக்காமல் குனிந்து, கட்டில் கோட்டுக்குக் கீழேயிருந்து பாரமான எதையோ இரண்டு கையாலும் இழுத்துக் கதவடிக்குக் கொண்டுவந்து, முழங்காலால் நெருக்கி வைத்தாள். வைத்த பிறகுதான் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. அப்போது எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“அவள் இழுத்தது என்ன?” என்று சிஞ்ஞோரா கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

“சூட்கேஸ்தானக்கா. கதவுக்கு உள்பக்கம் பூட்டில்லை. இஸ்திரிப்பெட்டி, போர்வை, சிஞ்ஞோரான்ரை கோட்டு எல்லாம் என்ரை அறையிலைதான் இருக்கு. எந்நேரமும் ஆரும் வருவினம். பிள்ளையள் வருவினம், ஐயா இஸ்திரி போட்ட சேட்டு எடுக்க வருவார். தட்டமாட்டினம். ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையக்கா, அப்பிடி நினைக்காதேங்கோ. ஆனா உடுப்பு மாத்தேக்கை, செபம் சொல்லேக்கை, மோனுக்குக் கடிதம் எழுதி அழேக்கை... சூட்கேஸை வைச்சா திறக்கக் கொஞ்சம் சுணங்கும். கண்ணைத் துடைக்க நேரம் கிடைக்கும்.”

நான் மொழிபெயர்த்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கடை வீட்டுச் சிஞ்ஞோராவிட்டைப் போய்ச் சொல்லிப்போடாதேங்கோ. குறை சொல்லுறாள் எண்டு நினைப்பா. உந்த வேலை போனா விசாப் பேப்பரும் போம், பிள்ளையும் பட்டினி.”

இதையும், அந்த வீட்டுச் சிஞ்ஞோரா யார் என்பதையும் நான் சொன்னதும், யாரிடமும் சொல்வதில்லை என்று சிஞ்ஞோரா லீதியா வாக்குக் கொடுத்தார். பிறகு எழுந்து உண்மையான கதவு நிலைக்குப் போய், கை எட்டும் உயரத்தில் வெண்கட்டியால் ஒரு சிறு கோடு இழுத்தார். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் கீறவில்லை.

அந்த அறையை அவர் செய்த விதத்தை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன். பழைய கட்டடம் என்பதால் யன்னலைக் கீழே இறக்க அனுமதியில்லை. அவர் தரையை மேலே ஏற்றினார். சுவரோரமாக மரத்தில் ஒரு மேடை கட்டி, அதற்கு ஏற இரண்டு படி வைத்து, மேடைக்கு மேலே கட்டிலைப் போட்டார். இப்போது கட்டிலில் இருந்தபடியே துறைமுகம் தெரிந்தது, நேப்பிள்ஸுக்குப் போகும் கப்பல் வெளிக்கிடுவது தெரிந்தது. மேடைக்குக் கீழே அகலமான இழுப்பறைகள். சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைத் துளி கலந்து சுவருக்குப் பூசினோம். அறை விரிந்த மாதிரி இருந்தது. கதவுக்கு அருகில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. வேலைக்காரிக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடி என்று தச்சர் கேட்டார். “கால்வரை தன்னை அவள் கண்ணாடியில் பார்த்து எவ்வளவு காலமோ” என்றார் சிஞ்ஞோரா. சாமிப் படத்துக்குச் சுவரில் ஒரு மாடம், கடிதம் எழுத மடக்குப் பலகை, படுத்தபடி அணைக்க விளக்கு. திரைச்சீலை என்னுடையது. வெளுக்காத பருத்தியில் தடிப்பாக உள்துணி வைத்துத் தைத்தேன், பகலில் படுத்தாலும் இருட்டு வர வேண்டும் என்று.

இஸ்திரிப்பெட்டிக்கு அந்த அறையில் இடமே வைக்கவில்லை.

தாழ்ப்பாளுக்குத்தான் அதிகம் அலைந்தோம். சந்தைப் பக்கத்து இரும்புக் கடை ஒன்றில் சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தள்ளிக் காட்டினேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் விசரிகள் என்று முடிவுகட்டிவிட்டார். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கும் விலையான தாழ்ப்பாள்களைச் சிஞ்ஞோரா ஒதுக்கினார். கடைசியில் தடித்த பித்தளை ஒன்றைத் தள்ளியபோது “டக்” என்று ஒரு சத்தம் வந்தது. “இதுதான். பூட்டினது உள்ளே இருப்பவளுக்குக் காதால் தெரிய வேண்டும்” என்றார். அதைக் கதவில் பொருத்தியது நான்.

திறப்பு விழாவுக்கு முன்னால் குழு அறை அறையாகப் பார்வையிட்டு வந்தது. தலைவி ஒர்தென்ஸியா எங்கள் அறையை உண்மையிலேயே ரசித்தார். மேடையில் ஏறிக் கப்பலைப் பார்த்து, “எவ்வளவு அழகு!” என்றார். இறங்கி வரும்போது கதவைக் கண்டார்.

“உள்பக்கம் தாழ்ப்பாளா? வேலைக்காரி அறைக்கா? அவசரத்துக்குக் கூப்பிட்டால்?”

“தட்டலாம்” என்றார் சிஞ்ஞோரா லீதியா.

“என் சொந்த வீட்டில் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நான் நிற்பதா? லீதியா, வருகிறவர்கள் இதைத் தங்களுக்குச் சொன்ன பாடமாக எடுப்பார்கள். சீட்டு வாங்கியவர்களை நாங்கள் வருத்தக்கூடாது. அதைக் கழற்றிவிடுங்கள்.”

எங்கள் சிஞ்ஞோராவின் குரல் மெல்லியதாகியது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“நாங்கள் எடுக்கப்போகும் வீட்டில், அந்தத் தாய்மாரின் அறைகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா?”

“நிச்சயமாக இருக்கும்.”

“ஏன் நிச்சயமாக?”

தலைவி திரும்பிக் கதவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அவருடைய வீட்டில் நடப்பதைச் சிஞ்ஞோரா லீதியா ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜெசிந்தாவுக்குக் கொடுத்த வாக்கு அங்கே நின்றது. தலைவி குழுவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் சமையலறைக்குப் பின்னால் நடைபாதையின் குறுக்கே சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தார்கள். பார்வையாளரின் வழி அதோடு முடிகிறதாம். தாழ்ப்பாளும் இருந்தது, அறையும் இருந்தது, பார்க்க ஆள்தான் இல்லை.

நான் கொதித்தேன். சிஞ்ஞோராவோ நாள்தோறும் வந்து தூசி துடைத்து, விளக்கைப் போட்டுவிட்டு, அறைக்குள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏன் வீணாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “வருகிறவருக்கு அறை இருட்டாக இருக்கக்கூடாது” என்றார். அப்போது அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை அவர், அதனால் கோப்பி கொண்டுவந்து கொடுத்தேன்.

வேலை செய்தவர்களின் உற்றார் உறவினர் ஒருநாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று குழு முன்பே சொல்லியிருந்தது. நான் கோவிலில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் சொல்லி, வியாழன் பின்னேரம் வரச்சொன்னேன். அன்றைக்கு நல்ல சீலை உடுத்திக்கொண்டு, பெரிய வாசல் பளிங்குப் படிக்கட்டின் உச்சியில் நின்றேன். இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ, நடுவில் கம்பளம். பலேர்மோவின் சிஞ்ஞோராக்கள் ஏறி வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒரு குருவியைக்கூடக் காணவில்லை. என் மானம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது வீட்டின் பின்பக்கத்தில் ஒரே இரைச்சல். தமிழ் இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். பின்படியால் ஏறி வந்திருக்கிறார்கள்! யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆளாளுக்கு வந்து, பெரிய வாசலைக் கண்டும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சந்துக்குள் போய் வேலைக்காரர் கதவைத் தேடிக் கண்டுபிடித்து ஏறியிருக்கிறார்கள். இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் விட முடியாது. இத்தனை வருடமாக எந்த வீட்டுக்குத்தான் முன்வாசலால் போனோம்?

“என்னப்பா இது! முன்னாலை பூவெல்லாம் வைச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்றேன்.

“அது வீட்டுக்காரர் போற வழியெண்டு நினைச்சம் ராணியக்கா” என்றார் ஒருவர், குற்றவாளி மாதிரி.

பின்படி எங்கே திறக்கிறது? எங்கள் அறை வாசலில். கயிறு இருந்தது மற்றப் பக்கத்தில். அவர்கள் மாளிகையில் கண்ட முதல் அறையே அதுதான். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் போய்க் கண்ணாடியில் தங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். மேடையில் ஏறிக் கப்பலைப் பார்த்தார்கள். இழுப்பறைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். சிஞ்ஞோரா லீதியா முக்காலியை வெளியே நடைபாதைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து, முகம் முழுவதும் சிரிப்போடு எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார். இந்த இரைச்சலைக் கேட்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சிஞ்ஞோராக்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு கூட்டம் நிற்கிறதென்றால் மிக நல்ல அறையாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் சொன்னார். ஒருத்தி கயிற்றைத் தூக்கினாள். மற்றவர்கள் குனிந்து வந்தார்கள்.

ஜெசிந்தா அதற்குள் உள்ளே போயிருந்தாள். போனவள் கதவைச் சாத்தினாள். “டக்” என்று கேட்டது.

கொஞ்ச நேரத்தில் திறப்பாள் என்று எல்லோரும் நின்றோம். திறக்கவில்லை. தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது போல இருந்தது. கோவிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அந்த நேரம்தான் கயிற்றைத் தாண்டி ஆட்கள் போன செய்தி கேட்டுத் தலைவி ஒர்தென்ஸியா விறுவிறுவென்று வந்தார்.

“என்ன நடக்கிறது இங்கே? உள்ளே யார்?”

எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அப்பாவியாக, “ஜெசிந்தா, சிஞ்ஞோரா” என்றாள்.

“என் ஜெசிந்தாவா?” தலைவியின் கை நேரே கதவுப் பிடிக்குப் போனது. வீட்டில் திறக்கிற மாதிரியே அழுத்தித் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றுவரை தனக்கு முன்னால் ஒரு கதவு திறக்காமல் நின்றதை அவர் அறிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் முட்டாள் இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், பிறகு சிஞ்ஞோரா லீதியாவைப் பார்த்தார்.

“உனக்கு முதலே தெரியுமா?” என்று மெல்லக் கேட்டார்.

சிஞ்ஞோரா லீதியா முக்காலியிலிருந்து எழுந்து அதைத் தலைவிக்கு நகர்த்திவிட்டார். “உட்காருங்கள். அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவை” என்றார்.

ஒர்தென்ஸியா உட்கார்ந்தார். நகரத்தின் பெரிய குடும்பத்துப் பெண் எங்கள் ஆட்களின் செருப்புகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்ததை என் கண்ணால் கண்டேன். கதவு திறந்தபோது ஜெசிந்தாவின் தலை வாரியிருந்தது, முகம் துடைத்திருந்தது. முன்னால் இருந்த ஆளைக் கண்டதும் அவள் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. தலைவி எழுந்தார். திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். “நான் உள்ளே வந்து பார்க்கலாமா, ஜெசிந்தா?” என்று கேட்டார். ஜெசிந்தா வழி விட்டாள்.

அன்றிரவு பேருந்துக்குப் போகும் வழியில் அவளைக் கேட்டேன்: “அவ்வளவு நேரமும் உள்ளை என்னடி செய்தனீ?”

“ஒண்டும் செய்யேல்லையக்கா. கட்டிலிலை இருந்தனான். வேலை போகுதெண்டாப் போகட்டும் எண்டு நினைச்சன். எழும்ப மனம் வரேல்லை.”

வேலை போகவில்லை. கண்காட்சி முடிந்து சில நாளில் தலைவி எங்கள் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சிஞ்ஞோரா லீதியா ஒன்றும் விளக்காமல் ட்ரில்லையும் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளையும் என் கையில் தந்து, “நீ போ. நான் வந்தால் அவருக்குச் சங்கடம்” என்றார். வெற்றி பெற்ற இடத்துக்குப் போய் நின்று பார்க்காத மனுசி. இதற்காகவும் அவரை நான் கும்பிடுவேன்.

நான் போனபோது ஜெசிந்தாவின் அறையிலிருந்து போர்வைகளும் கோட்டுகளும் வெளியேறியிருந்தன. துளை போட்டேன், ஆணி முறுக்கினேன், மரத்தூளைக் கூட்டினேன். தலைவி பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் ஜெசிந்தாவை உள்ளே போகச் சொன்னேன். போனாள், சாத்தினாள், பூட்டினாள். நானும் அந்தப் பெரிய மனுசியும் நடைபாதையில் நின்றோம்.

அப்போது சாப்பாட்டு அறையிலிருந்து வீட்டு ஐயா ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். கோப்பி வேண்டுமாம். தலைவி கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பிறகு கையை இறக்கி, விரலை உதட்டில் வைத்து எனக்குச் சாடை காட்டிவிட்டு, கோப்பி போடச் சமையலறைக்குப் போனார்.